வென்ற அரசனும் ஜெபித்த அரசியும்



சபையின் ஜெபக் குறிப்புகளில் ஆண்டுதோறும் மாறாமல் இடம்பெறும் விண்ணப்பம் ஒன்று உண்டு. தன் கணவர் ஆண்டவரை அறிய வேண்டும் என்பதே அது. அதை எழுதித் தருகிற சகோதரிகளில் சிலர் பத்து வருடம், இருபது வருடம் காத்திருக்கிறவர்கள். அந்த ஜெபம் கேட்கப்பட்டு, கணவர் ஞானஸ்நானம் பெறுகிற நாள் அந்தக் குடும்பத்துக்குப் பண்டிகை, சபைக்கும் பண்டிகை. ஆனால் அந்தப் பண்டிகைக்குப் பிந்திய நாட்கள் எப்படி இருக்கின்றன? நாம் அதிகம் பேசாத கேள்வி இது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் அரசனுடைய வீட்டு வாசலில் நின்று, இந்த வாரம் அதைக் கேட்டுப் பார்ப்போம்.

அவன் பெயர் குளோவிஸ்; பிராங்கியர் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசன். இன்றைய பிரான்ஸ் தேசம் தன் பெயரையே அந்த இனத்தாரிடமிருந்து பெற்றது. ஐரோப்பாவின் இடைக்காலம் பிறக்கும் வேளையில் நிற்கிற கிறிஸ்தவப் போர்வீர அரசன் அவன். அவனைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, தூர் நகரத்துப் பேராயர் கிரெகோரி எழுதிய பிராங்கியர் வரலாற்றிலிருந்து வருகிறது. கிரெகோரி பேராயரானது 573-ஆம் ஆண்டில். அப்போது குளோவிஸ் இறந்து அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன. ஆகவே அவர் எழுதியவற்றில் வாய்மொழிக் கதைகளும் கலந்திருக்கின்றன என்பதை மனதில் வைத்தே வாசிக்க வேண்டும்.

முடி என்னும் இருபொருள் சொல்

குளோவிஸ் ஏறத்தாழ 466-இல் பிறந்தான். அவனுடைய தகப்பன் சில்டெரிக், இன்றைய பெல்ஜியத்திலுள்ள துர்னே நகரிலிருந்து பிராங்கியரில் ஒரு பிரிவினரை ஆண்டவன். 481-இல் சில்டெரிக் இறந்தபோது, பதினைந்து வயதளவான குளோவிஸ் அரசனானான்.

1653-இல் துர்னேயில் நிலத்தைத் தோண்டியபோது சில்டெரிக்கின் கல்லறை வெளிப்பட்டது. அதில் பொன்னால் செய்த தேனீ உருவங்களும், அவன் பெயர் பொறித்த முத்திரை மோதிரமும் கிடைத்தன. மோதிரத்தில் செதுக்கப்பட்ட அரசனின் உருவத்துக்கு நீண்ட கூந்தல் இருந்தது. நம் தமிழில் 'முடி' என்ற சொல் தலைமயிரையும் குறிக்கும், அரச கிரீடத்தையும் குறிக்கும். அந்த வம்சத்தாருக்கோ இவ்விரண்டும் உண்மையிலேயே ஒன்றாயிருந்தன. நீண்ட கூந்தலே அரச உரிமையின் அடையாளம். அதை வெட்டிவிட்டால் அரசுரிமையும் போயிற்று. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கதையின் முடிவில் இது தேவைப்படும்.

மேற்கு ரோமப் பேரரசு 476-இல் சரிந்தபின், கோல் என்று அழைக்கப்பட்ட அந்நாடு பல அதிகாரங்களின் கையில் சிதறிக் கிடந்தது. 486-இல் சுவாசோன் என்னும் இடத்தில், ரோம மரபில் எஞ்சியிருந்த ஆட்சியாளனாகிய சியாக்ரியுஸை இளம் குளோவிஸ் தோற்கடித்தான். அந்தப் போரின் கொள்ளையைப் பங்கிட்டபோது நடந்ததாக ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. ஓர் ஆலயத்திலிருந்து எடுத்துவரப்பட்ட அழகிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆயர் ஒருவர் வேண்டினார். குளோவிஸ் அதைத் தன் பங்குக்கு அதிகமாகத் தரும்படி வீரர்களிடம் கேட்டான். சீட்டில் விழுவது மட்டுமே அரசனுக்கு உரியது என்று ஒரு வீரன் சொல்லித் தன் கோடரியால் பாத்திரத்தை அடித்தான். குளோவிஸ் அன்று பொறுத்துக்கொண்டான். மறு ஆண்டு படை அணிவகுப்பில் அதே வீரனுடைய ஆயுதத்தில் குறை கண்டு, அதைத் தரையில் எறிந்தான். அவன் எடுக்கக் குனிந்தபோது கோடரியால் அவன் தலையைப் பிளந்து, சுவாசோனில் அந்தப் பாத்திரத்துக்கு நீ செய்தது இதுவே என்ற பொருளில் பேசினான்.

ஆயருக்கு மரியாதை காட்டத் தெரிந்தவன். அவமானத்தை ஓர் ஆண்டு உள்ளத்தில் அடைகாக்கவும் தெரிந்தவன். இந்த மனிதனுக்குத்தான் ஒரு ஜெபவீராங்கனை மனைவியாக வந்தாள்.

பர்கண்டியிலிருந்து வந்த மணமகள்

குளோட்டில்டா பர்கண்டிய அரச குடும்பத்துப் பெண். அவளுடைய தகப்பனை அவனுடைய சொந்தச் சகோதரனான குண்டோபாத் வாளால் கொன்றான் என்றும், தாயின் கழுத்தில் கல்லைக் கட்டி நீரில் எறிந்தான் என்றும் கிரெகோரி எழுதுகிறார். குளோவிஸின் தூதர்கள் அவளுடைய அழகையும் அறிவையும் கண்டு வந்து அரசனிடம் சொன்னார்கள். அவன் பெண் கேட்டபோது மறுக்கத் துணியாமல் குண்டோபாத் அவளை அனுப்பினான். திருமணம் ஏறத்தாழ 493-இல் நடந்தது. அதற்கு முன்பே குளோவிஸுக்கு வேறொரு பெண்ணிடம் தியூதெரிக் என்ற மகன் இருந்தான்.

அக்காலத்துப் பர்கண்டிய அரசர்களும், தெற்கே ஆண்ட விசிகோத்திய அரசர்களும் கிறிஸ்தவர்களே. ஆனால் அவர்கள் அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்பவருடைய போதனை வழியில் நின்றவர்கள். குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல, அவரும் உண்டாக்கப்பட்டவரே என்பது அப்போதனை. 325-இல் கூடிய நிசேயா சங்கம் அதைத் தள்ளியது. குளோட்டில்டாவோ நிசேயா விசுவாசத்தில் உறுதியாய் நின்றவள். குளோவிஸ் இரு வழியையும் சேராதவன். தன் முன்னோரின் தெய்வங்களை வணங்கியவன்.

அவள் ஓயாமல் கணவனிடம் பேசினாள். அவன் அசையவில்லை. முதல் மகன் இங்கோமர் பிறந்தபோது, அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க விரும்பினாள். அழகைக் கண்டாவது கணவனின் மனம் இளகும் என்று ஆலயத்தைத் திரைச்சீலைகளால் அலங்கரிக்கச் செய்தாள். ஞானஸ்நானம் நடந்தது. ஞானஸ்நானத்தின் வெள்ளை உடையிலேயே குழந்தை இறந்துபோயிற்று.

பிரியமானவர்களே, அந்த அரண்மனையில் அன்றிரவு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தன் தெய்வங்களுக்கு அர்ப்பணித்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று அரசன் கொதித்தான். தன் கர்ப்பத்தின் கனியைத் தமது ராஜ்யத்தில் சேர்த்துக்கொண்ட தேவனுக்கு ஸ்தோத்திரம் என்பதே அவளுடைய பதிலாக இருந்ததென்று கிரெகோரி பதிவு செய்கிறார். அடுத்து குளோதொமர் பிறந்தான். அவனுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தாள். அவனும் நோயுற்றான். இவனும் அண்ணனைப் போலவே போவான் என்றான் அரசன். தாய் ஜெபித்தாள், பிள்ளை பிழைத்தான்.

போர்க்களத்தில் ஒரு பொருத்தனை

கணவனின் மனம் வீட்டில் திரும்பவில்லை, போர்க்களத்தில் திரும்பிற்று. ரைன் ஆற்றுப் பகுதியில் அலமானியருடன் நடந்த போரில் அவனுடைய படை அழிவின் விளிம்புக்கு வந்தது. கிரெகோரியின் கணக்குப்படி இது 496-ஐ ஒட்டிய காலம். கண்ணீரோடு குளோவிஸ் வானத்தை நோக்கினான். தன் தெய்வங்களை அழைத்தும் அவை உதவவில்லை என்று சொல்லி, குளோட்டில்டா அறிவிக்கிற இயேசு கிறிஸ்துவை அழைத்தான். வெற்றி தந்தால் விசுவாசித்து ஞானஸ்நானம் பெறுவதாகப் பொருத்தனை செய்தான். அலமானியரின் அரசன் விழுந்தான், அவர்கள் சரணடைந்தார்கள்.

அந்த ஜெபத்தில் அவன் கர்த்தரை யாருடைய தேவனாக அறிந்திருந்தான் என்பதைக் கவனியுங்கள். "குளோட்டில்டா அறிவிக்கிறவர்." நம்பிக்கையற்று நின்ற நேரத்தில் அவன் நினைவுக்கு வந்தது, வீட்டில் தான் காதுகொடுக்காததுபோல் இருந்த மனைவியின் வார்த்தைகளே. சகோதரிகளே, வீணாய்ப் போயிற்று என்று நீங்கள் எண்ணுகிற வார்த்தைகள் எங்கே சேர்த்துவைக்கப்படுகின்றன என்பது உங்களுக்குத் தெரியாது.

அரசி, ரெய்ம்ஸ் நகரத்து ஆயர் ரெமிகியுஸை இரகசியமாக அழைத்து, அரசனுக்கு இரட்சிப்பின் வார்த்தையைப் போதிக்கச் செய்தாள். ரெமிகியுஸ் குளோவிஸுக்குப் புதியவர் அல்லர். அவன் இளைஞனாய் ஆட்சிக்கு வந்தபோதே அவர் எழுதிய கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது. விதவைகளைத் தாங்கு, அனாதைகளைப் போஷி, துன்பப்பட்டவர்களைத் தேற்று, சிறைப்பட்டவர்களை விடுவி, உன் அரண்மனையின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கட்டும் என்பது அதன் சாரம்.

ஒரு கிறிஸ்மஸ் நாளில், ரெய்ம்ஸில், குளோவிஸ் ஞானஸ்நானம் பெற்றான். ஆண்டு 496 என்பது மரபு. 498 என்றும் 508 என்றும் சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆலயத்துக்குச் செல்லும் தெருக்கள் வண்ணத் திரைகளால் அலங்கரிக்கப்பட்டன, மெழுகுவர்த்திகள் எரிந்தன, நறுமணம் கமழ்ந்தது. தலையைத் தாழ்த்தி, இதுவரையிலான தன் வணக்கம் முழுவதையும் தலைகீழாக்கும்படி ரெமிகியுஸ் அவனுக்குக் கட்டளையிட்டார். அவனுடைய படையிலிருந்து மூவாயிரத்துக்கும் அதிகமானோர் ஞானஸ்நானம் பெற்றனர். கிரெகோரி அவனைப் புதிய கான்ஸ்டன்டைன் என்று அழைக்கிறார்.

இங்கே கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பல பிரசங்கங்களில் இது இங்கேதான் முடிகிறது.

வெற்றிகளின் ஆண்டுகள்

ஞானஸ்நானம் பெற்ற அரசன் தொடர்ந்து வென்றான். 500-ஆம் ஆண்டில் பர்கண்டியின்மேல் படையெடுத்து, மனைவியின் சிற்றப்பனாகிய குண்டோபாத்தை ஓடச் செய்தான். 507-இல் புவாத்தியே நகருக்கு அருகே வூயே என்னுமிடத்தில் விசிகோத்தியரை முறியடித்தான். அவர்களுடைய அரசன் இரண்டாம் அலாரிக்கைத் தன் கையாலேயே கொன்றான். துலூஸ் நகரத்து அரச கருவூலம் அவன் கைக்கு வந்தது. 508-இல் கீழை ரோமப் பேரரசன் அனஸ்தாசியுஸ் அவனுக்குப் பட்டம் அனுப்பினான். தூர் நகரில் அவன் செந்நீல அங்கி தரித்து, குதிரைமேல் சென்று, பொன்னையும் வெள்ளியையும் கூட்டத்துக்கு வாரி இறைத்தான். பாரீஸைத் தன் ஆட்சியின் இருக்கையாக்கினான்.

நல்ல கனிகளும் உண்டு. 511-இல் அவன் ஓர்லியன் நகரில் ஆயர்களின் சங்கத்தைக் கூட்டினான். 32 ஆயர்கள் கலந்துகொண்டார்கள். ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்களை, அவர்களுக்குத் தீங்கு செய்வதில்லை என்று ஆணையிட்டாலன்றி வெளியே ஒப்புக்கொடுக்கலாகாது என்று அச்சங்கம் விதித்தது. கொடுமை நிறைந்த அக்காலத்தில் இது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும்.

ஆனால் அதே ஆண்டுகளில் நடந்ததாகக் கிரெகோரி வேறு சிலவற்றையும் எழுதுகிறார். கொலோன் நகரில் ஆண்ட சிகிபெர்ட், குளோவிஸின் உறவினன். அலமானியரோடு நடந்த போரொன்றில் காயப்பட்டு முடமானவன். அவனுடைய மகனிடம், உன் தகப்பன் கிழவனாகிவிட்டான், அவன் போனால் ராஜ்யம் உனக்கே என்று குளோவிஸ் ஆசை காட்டினான். மகன் தகப்பனைக் கொல்லச் செய்தான். பின்பு அந்த மகன் பொற்காசுப் பெட்டிக்குள் கைவிட்டுக் குனிந்தபோது, குளோவிஸின் ஆட்கள் கோடரியால் அவன் மண்டையை உடைத்தார்கள். குளோவிஸோ கொலோனுக்கு வந்து, உறவினரின் இரத்தத்தைச் சிந்த என்னால் ஆகாது என்று மக்களிடம் கூறி, அந்த ராஜ்யத்தை ஏற்றுக்கொண்டான்.

கராரிக் என்ற மற்றொரு உறவினனையும் அவன் மகனையும் பிடித்து, இருவருடைய தலைமுடியையும் வெட்டிக் குருமாராக்கினான். வெட்டியது பச்சை மரத்தையே, மீண்டும் தளிர்க்கும் என்று மகன் தகப்பனைத் தேற்றியது குளோவிஸின் காதுக்கு எட்டிற்று. இருவருடைய தலையும் போயின. கட்டுண்டு வந்த ராக்னகார் என்ற உறவினனையும் அவனுடைய தம்பியையும் தன் கோடரியாலேயே வெட்டினான். கடைசியில், எனக்கு உறவென்று சொல்ல ஒருவரும் இல்லையே என்று அவன் புலம்பினானாம். அது துக்கத்தால் அல்ல, இன்னும் யாராவது மிஞ்சியிருந்தால் கண்டுபிடித்துக் கொல்வதற்கே என்கிறார் கிரெகோரி.

511 நவம்பர் 27 அன்று, ஏறத்தாழ நாற்பத்தைந்து வயதில் குளோவிஸ் பாரீஸில் இறந்தான். தானும் குளோட்டில்டாவும் கட்டிய அப்போஸ்தலர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டான்.

அவன் அறிந்த கிறிஸ்து யார்?

ஏழாம் நூற்றாண்டின் பிரெதெகார் வரலாறு என்ற நூல் ஒரு சிறு சம்பவத்தைச் சொல்கிறது. ரெமிகியுஸ் கிறிஸ்துவின் பாடுகளை வாசித்துக் காட்டியபோது, நான் என் பிராங்கியரோடு அங்கே இருந்திருந்தால் அவருக்காகப் பழிவாங்கியிருப்பேன் என்று குளோவிஸ் சொன்னானாம். பிற்காலத்தில் எழுந்த கதையாக இருக்கலாம். ஆயினும் அந்த மனிதனின் இருதயத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அன்பு இருந்தது, வீரமும் இருந்தது. ஆனால் கெத்செமனேயில் பேதுருவின் வாளை உறைக்குள் திரும்பச் செய்தவரை அவன் புரிந்துகொள்ளவில்லை. தூதர்களின் சேனைகளை அழைக்கக் கூடியவராயிருந்தும் அழைக்காமல் சிலுவைக்குப் போனவர், அவனுக்கு இன்னும் அந்நியராகவே இருந்தார்.

வெற்றி தருகிறவராகவே அவன் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டான். அவர் வெற்றி தந்தார். அதற்குமேல் அவரிடம் அவன் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. நாமும் அப்படித்தானே பலமுறை வருகிறோம்? வேலைக்காக, சுகத்துக்காக, பிள்ளையின் தேர்வுக்காகப் பொருத்தனை செய்து வருகிறோம். அப்படி வருவது தவறல்ல. நெருக்கத்தில் கூப்பிடுகிறவனைக் கர்த்தர் தள்ளுவதில்லை. ஆனால் கேட்டது கிடைத்தபின், நம் கையிலுள்ள கோடரியைப் பற்றி அவர் பேசத் தொடங்கும்போது, காது கேளாதவர்போல் இருந்துவிடுகிறோம். சொத்துத் தகராறில் சகோதரனை நீதிமன்றத்துக்கு இழுக்கும்போது, வேலைக்காரருக்குக் கூலியைக் குறைக்கும்போது, வீட்டில் மனைவியிடம் குரலை உயர்த்தும்போது, நாம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பது அங்கே வருகிறதா?

சபைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தாவீது உரியாவைக் கொன்றபோது கர்த்தர் நாத்தானை அனுப்பினார். கிரெகோரி சொல்லும் இந்தக் கொலைகளின் வரலாற்றில் ஒரு நாத்தானையும் நான் காணவில்லை. அதற்கு மாறாக, சிகிபெர்ட்டின் ராஜ்யம் கைமாறியதைச் சொன்ன உடனேயே, குளோவிஸ் செம்மையான இருதயத்தோடு நடந்ததால் தேவன் அவன் சத்துருக்களை அவனுக்குக் கீழ்ப்படுத்தினார் என்று அந்தப் பேராயரே எழுதிவிடுகிறார். நம் பக்கம் வந்துவிட்ட பெரியவரிடம் உண்மை பேசுவது அன்றும் கடினமாயிருந்தது, இன்றும் கடினமாயிருக்கிறது.

தாயின் உள்ளத்தில் இருந்த பழைய காயம்

அரசனைப் பற்றி இவ்வளவு சொன்னபின், அரசியைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். குளோவிஸ் இறந்தபின் ராஜ்யம் அவனுடைய நான்கு மகன்களுக்குப் பங்கிடப்பட்டது. குளோட்டில்டா பெற்றவர்கள் குளோதொமர், சில்டெபெர்ட், குளோத்தார் ஆகிய மூவர். 523-இல் இவர்கள் பர்கண்டியின்மேல் படையெடுத்தார்கள். தன் தகப்பனுடைய, தாயினுடைய மரணத்துக்குப் பழிவாங்கும்படி அவர்களைத் தூண்டியவள் குளோட்டில்டாவே என்கிறார் கிரெகோரி. அவள் மணமகளாய் வந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. குண்டோபாத்தும் இறந்துவிட்டான், ஆண்டுகொண்டிருந்தவன் அவன் மகன் சிகிஸ்மண்ட்.

குளோதொமர் சிகிஸ்மண்டைப் பிடித்தான். தேவனுக்குப் பயந்து இவர்களை விட்டுவிடு, இவர்களுக்கு நீ செய்வதே உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நேரிடும் என்ற கருத்தில் அவித்துஸ் என்னும் மடாதிபதி அவனை எச்சரித்தார். இதோ, ஒரு நாத்தான் எழும்பினார். ஆனால் அவன் கேட்கவில்லை. சிகிஸ்மண்டையும் மனைவி பிள்ளைகளையும் கொன்று கிணற்றில் எறிந்தான். மறு ஆண்டே, 524-இல், போரில் குளோதொமரும் வெட்டுண்டான். எந்தப் பிள்ளையின் உயிருக்காக அவள் அன்று ஜெபித்து மன்றாடினாளோ, அந்தப் பிள்ளை அவள் மூட்டிய பழியின் நெருப்பில் விழுந்தான்.

அவனுடைய மூன்று மகன்களைப் பாட்டியாகிய குளோட்டில்டா பாரீஸில் வளர்த்தாள். அண்ணன் பிள்ளைகளுக்கு ராஜ்யத்தில் பங்கு போய்விடும் என்று சில்டெபெர்ட்டும் குளோத்தாரும் அஞ்சினார்கள். அரசராக்கப்போகிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளை வரவழைத்தார்கள். பின்பு ஒரு தூதன் பாட்டியிடம் வந்தான். அவனுடைய ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் வாள். பிள்ளைகள் முடி வெட்டப்பட்டு உயிரோடிருக்க வேண்டுமா, வெட்டுண்டு சாக வேண்டுமா என்று கேட்டான். துக்கத்தில் தான் என்ன சொல்கிறோம் என்று அறியாமல், அவர்கள் அரசராகாவிட்டால் முடி வெட்டப்பட்டவர்களாய்க் காண்பதைவிடச் செத்தவர்களாய்க் காண்பது மேல் என்று சொல்லிவிட்டாள்.

பத்து வயது மூத்தவனைக் குளோத்தார் குத்திக் கொன்றான். ஏழு வயதுப் பிள்ளை சில்டெபெர்ட்டின் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு கதறினான். அவன் கண்ணீர்விட்டு, இவனை விட்டுவிடு என்று தம்பியிடம் கெஞ்சினான். இதைத் தொடங்கியவனே நீதானே என்று குளோத்தார் அவனை மிரட்டி, அந்தப் பிள்ளையையும் கொன்றான். குளோட்டில்டா பேரப்பிள்ளைகளின் சிறு உடல்களைப் பாடையில் வைத்து, சங்கீதங்கள் பாடப்பட, தன் கணவன் கிடந்த ஆலயத்துக்கே கொண்டுசென்றாள்.

அந்த அரசியைக் கல்லெறிய யாருக்கும் மனம் வராது. ஆயினும் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? கணவனுக்காக ஓயாமல் ஜெபித்த அந்த இருதயத்திலும், ஆண்டவர் தொடாதபடி அவள் பூட்டி வைத்திருந்த அறைகள் இரண்டு இருந்தன. ஒன்றில் பழைய பழி. மற்றொன்றில் அரச குலத்தின் மானம். குடும்பத்தாருக்காக ஜெபிக்கிற நாம், நம் சொந்த அறைகளின் சாவியையும் அவரிடம் கொடுத்திருக்கிறோமா?

தன் முடியைத் தானே வெட்டிய பிள்ளை

மூன்றாவது பேரன் குளோதொவால்ட் தப்பிவிட்டான். சில துணிச்சலான மனிதர் அவனைக் காப்பாற்றினார்கள். பிற்பாடு அவன் என்ன செய்தான் தெரியுமா? வாளெடுத்துப் பழிவாங்க வரவில்லை. அவனுடைய வம்சத்தார் எதற்காக உயிரைக் கொடுத்தார்களோ, எதற்காக மற்றவர் உயிரை எடுத்தார்களோ, அந்த நீண்ட கூந்தலைத் தன் கையாலேயே வெட்டிக்கொண்டான். தேவ ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துக் குருவானான். பாரீஸுக்கு அருகே அவன் மடம் அமைத்த ஊர் இன்றும் அவன் பெயராலேயே சேன் குளூ என்று அழைக்கப்படுகிறது.

குளோவிஸ் தலையைத் தாழ்த்தி ஞானஸ்நானம் பெற்றான். முடியை மட்டும் காத்துக்கொண்டான். அவன் தொடங்கியும் முடிக்காமல் விட்ட காரியத்தை, அவனுடைய பேரன் ஒரு கத்தரிக்கோலால் முடித்தான்.

குளோட்டில்டாவும் அந்தத் துக்கத்தில் அழிந்துபோகவில்லை. தூர் நகரில் தங்கி, தானதர்மம் செய்து, அரசியாக அல்ல, கர்த்தருடைய ஊழியக்காரியாகத் தன் நாட்களைக் கழித்தாள். ஒருமுறை சில்டெபெர்ட் குளோத்தார்மேல் படையெடுத்தபோது, அவள் இரவெல்லாம் விழித்திருந்து, தன் மகன்களுக்குள் சண்டை எழும்பாதபடி ஜெபித்தாள். விடியற்காலையில் பெருங்கல்மழை பெய்து, படையெடுத்தவர்கள் மனந்திரும்பிச் சமாதானம் செய்துகொண்டார்கள் என்று கிரெகோரி எழுதுகிறார். ஒருகாலத்தில் பழிவாங்கும்படி மகன்களைத் தூண்டிய தாய், இப்போது மகன்களின் சமாதானத்துக்காக முழங்காலில் நின்றாள். ஏறத்தாழ 544-இல் அவள் இறந்தாள். கணவனின் அருகே அடக்கம் செய்யப்பட்டாள். அவளும் மனந்திரும்ப நாள் எடுத்தது. ஆண்டவர் அந்த நாட்களை அவளுக்குக் கொடுத்தார்.

ஆகையால், கணவனுக்காகவும் பிள்ளைக்காகவும் காத்திருக்கிறவர்களே, தொடர்ந்து ஜெபியுங்கள். அவர்கள் ஞானஸ்நானம் பெறும் நாளில் ஜெபத்தை நிறுத்திவிடாதீர்கள். அன்றுதான் அதிகமாய் ஜெபிக்க வேண்டும். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்களே, நாம் நீரில் இறங்கியபோது நம்மோடு இறங்காத ஏதாவது ஒன்று உண்டா? கோடரியா, பழைய பழியா, குலப் பெருமையா? இந்த வாரத்தில் ஒருநாள் தனித்திருந்து அதற்குப் பெயரிட்டு அழையுங்கள். கத்தரிக்கோலை நம் கையிலேயே ஆண்டவர் கொடுத்திருக்கிறார்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, வெற்றிக்காக மட்டும் உம்மைத் தேடின எங்களுக்கு இரங்கும். எங்கள் தலையை மாத்திரமல்ல, நாங்கள் காத்துக்கொண்டிருக்கும் முடியையும் உமது பாதத்தில் வைக்கக் கிருபை தாரும். எங்கள் வீடுகளில் பகையை முடித்து, சமாதானத்தைத் தொடங்கும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.